அடிமைகளுக்கு விடுதலை, முதலாளிகளுக்கு இழப்பீடு: 2015 வரை பிரிட்டன் கட்டிய கடனின் கதை

2018 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் நிதியமைச்சகம் தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு 'ஆச்சரியத் தகவலை'ப் பகிர்ந்தது. அடிமை முறையை ஒழிக்க 1833-ல் பிரிட்டன் 2 கோடி பவுண்டு செலவழித்தது. அது அன்றைய ஆண்டு பட்ஜெட்டில் 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடன் 2015-ல்தான் முழுசாக அடைந்தது. 'உங்கள் வரிப்பணமும் இதற்கு உதவியிருக்கிறது' என்ற தொனியில், மக்களைப் பாராட்டுவதுபோல இருந்தது அந்த ட்வீட்.

கொஞ்ச நேரத்தில் கமென்ட்டுகள் கொதித்தன. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்த 2 கோடி பவுண்டு யாருக்குப் போச்சு?"

விடுதலையான அடிமைகளுக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை. மொத்தப் பணமும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குத்தான் போனது. இன்னும் கசப்பான விஷயம், கரீபியன் தீவுகளில் இருந்து பிரிட்டனில் குடியேறி வேலை பார்க்கும் அந்த அடிமைகளின் வாரிசுகளும் வரி கட்டுகிறவர்கள்தான். தங்கள் பாட்டன் பூட்டனை 'வைத்திருந்தவர்களுக்கு' கொடுத்த பணத்தின் கடனை அவர்களும் சேர்ந்து அடைத்திருக்கிறார்கள். ட்வீட் நீக்கப்பட்டது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அடிமை முறையை ஒழித்தது யார், எப்படி, எந்த விலைக்கு? இந்தியாவுக்கும் தமிழர்களுக்கும் இதில் என்ன தொடர்பு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு பெரிய பிசினஸ் இது?

16-ம் நூற்றாண்டில் தொடங்கி 19-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி வரை, ஆப்பிரிக்காவில் இருந்து அட்லான்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோகக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. இடைப்பட்ட ஏறத்தாழ 18 லட்சம் பேர் நடுக்கடலிலேயே இறந்துபோனார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் ஏற்றியது 30 லட்சத்துக்கும் மேல்.

ரூட் ஒரு முக்கோணம். லிவர்பூல், பிரிஸ்டல், லண்டன் துறைமுகங்களில் இருந்து துணி, துப்பாக்கி, உலோகப் பாத்திரங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகும். அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கி, கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய் விற்பார்கள். திரும்பும் கப்பலில் சர்க்கரை, புகையிலை, பருத்தி வரும். மூன்று பயணத்திலும் லாபம்.

கப்பல் கட்டுகிறவர், கடன் கொடுக்கும் வங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, சர்க்கரை ஆலை, டீக்கடை என ஒரு நாட்டின் பொருளாதாரமே இதில் பின்னிக் கிடந்தது. 'இது தப்பு' என்று யாராவது சொன்னால், 'நாட்டோட பொருளாதாரம் என்ன ஆகும்?' என்ற பதில்தான் வரும்.

முதல் விரிசல்: ஒரு கோர்ட் கேஸ்

ஜேம்ஸ் சோமர்செட் என்ற ஆப்பிரிக்கரை அவருடைய முதலாளி அமெரிக்கக் காலனியில் இருந்து லண்டனுக்கு அழைத்து வந்திருந்தார். 1771-ல் சோமர்செட் தப்பித்தார். பிடிபட்டதும், ஜமைக்காவில் விற்பதற்காக ஒரு கப்பலில் சங்கிலியால் கட்டிவைத்தார்கள். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஞானப் பெற்றோராக இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்துகொண்டே, சட்டத்தைத் தானாகப் படித்த கிரான்வில் ஷார்ப் வழக்குக்குத் துணை நின்றார்.

1772 ஜூன் 22-ல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் தீர்ப்பு சொன்னார். ஒரு மனிதரை வலுக்கட்டாயமாக நாட்டைவிட்டுக் கொண்டுபோய் விற்க இங்கிலாந்து சட்டத்தில் இடமில்லை, சோமர்செட்டை விடுவியுங்கள் என்பதுதான் அதன் சாரம். தீர்ப்பின் எல்லை குறுகியது. கடல் தாண்டிய காலனிகளில் எதுவும் மாறவில்லை. ஆனால், அடிமை முறைக்கு எதிராகக் கோர்ட்டில் ஜெயிக்க முடியும் என்று முதல்முறையாக ஊருக்கே தெரிந்தது.

கடலில் வீசியதற்கு இன்ஷூரன்ஸ் கேட்ட கம்பெனி

1781 நவம்பர் கடைசி. 'ஸாங்' என்ற பிரிட்டிஷ் கப்பல் வழி தவறி ஜமைக்காவைத் தாண்டிப் போய்விட்டது. குடிநீர் குறைகிறது என்று காரணம் சொல்லி, கப்பல் ஊழியர்கள் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் வீசினார்கள். சில நாட்களுக்கு நடந்தது இது.

அடுத்து நடந்ததுதான் இன்னும் கொடுமை. கப்பல் முதலாளிகள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டார்கள். கடலில் வீசப்பட்ட ஒவ்வொருவருக்கும் 30 பவுண்டு, 'சரக்கு நஷ்டம்' என்ற கணக்கில். 1783-ல் வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது, முதல் ஜூரி கப்பல் முதலாளிகள் பக்கம் நின்றது. இன்ஷூரன்ஸ் தரப்பு மறுவிசாரணை கேட்டது. அந்தக் கட்டத்தில்தான் கப்பலில் போதுமான தண்ணீர் மிச்சமிருந்ததும், இடையில் மழை பெய்ததும் வெளியே வந்தன.

கவனிங்க, இது கொலை வழக்கே கிடையாது. இன்ஷூரன்ஸ் வழக்கு. கொலைக்காக ஒருவர்மீதுகூட வழக்குப் போடவில்லை.

இந்தச் செய்தியை கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒலாடா எக்வியானோ. ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர். சின்னச் சின்ன வியாபாரம் செய்து சேர்த்த பணத்தைக் கொடுத்து, 1766-ல் தன்னைத் தானே 'வாங்கி' விடுதலையானவர். 1789-ல் அவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, ஊர் ஊராகப் போய் விற்றார். அவர் உயிரோடு இருந்தபோதே 9 பதிப்புகள் வந்தன. அதுவரை அடிமைகளைப் பற்றி மற்றவர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அனுபவித்தவரே பேசினார்.

12 பேர், ஒரு அச்சகம்

1787 மே 22. லண்டனில் ஒரு அச்சகத்தில் 12 பேர் கூடினார்கள். அதில் 9 பேர் குவேக்கர்கள். அரசுப் பதவிகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக முடியாத ஒரு சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவினர். மற்ற மூவரில் கிரான்வில் ஷார்ப்பும், 27 வயது தாமஸ் கிளார்க்சனும் இருந்தார்கள்.

கிளார்க்சனின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. 1785-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கட்டுரைப் போட்டி. 'ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது சரியா?' என்பது தலைப்பு. பரிசுக்காக எழுத உட்கார்ந்தவர், திரட்டிய தகவல்களைப் படித்துத் தூக்கத்தைத் தொலைத்தார். பரிசு கிடைத்தது. ஆனால், விஷயம் அவரை விடவில்லை. வாழ்நாள் முழுக்க இதே வேலை என்று இறங்கிவிட்டார்.

குதிரையேறித் துறைமுகம் துறைமுகமாகப் போனார். மாலுமிகள், கப்பல் டாக்டர்கள் என ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசினார். லிவர்பூல் கடை ஒன்றில் வெளிப்படையாக விற்பனைக்கு வைத்திருந்த கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, சாப்பிட மறுப்பவர்களின் வாயைப் பிளக்கும் கருவி ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கினார். கூட்டங்களில் அவற்றை மேசைமேல் எடுத்து வைத்தார். இன்றைய மொழியில் சொன்னால், டேட்டா, சாட்சி, விஷுவல் எல்லாம் கையில் வைத்திருந்த ஒரு புலனாய்வுப் பத்திரிகையாளர்.

ஒரு முக்கியமான முடிவையும் அந்தக் குழு எடுத்தது. அடிமை முறையை ஒழி என்று கேட்காமல், அடிமை வணிகத்தை, அதாவது ஆப்பிரிக்காவில் இருந்து ஆட்களைக் கொண்டுவருவதை நிறுத்து என்று மட்டும் கேட்போம் என்பதுதான் அது. காரணம், 'எங்கள் சொத்தைப் பறிக்கிறார்கள்' என்ற முதலாளிகளின் கூச்சலைத் தவிர்க்கலாம். புது ஆட்கள் வருவது நின்றால், இருப்பவர்களை நன்றாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கை பலிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

லோகோ, போஸ்டர், பாய்காட்

இன்று நாம் பார்க்கும் கேம்பெய்ன் உத்திகளில் பலவற்றை அன்றே இவர்கள் கையில் எடுத்திருந்தார்கள்.

லோகோ: பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் ஒரு சின்னப் பதக்கம் தயாரித்தார். சங்கிலியால் கட்டப்பட்ட ஆப்பிரிக்கர் ஒருவர் மண்டியிட்டு, 'நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா?' என்று கேட்பதுபோல இருக்கும். பெண்கள் அதை வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். அந்தக் காலத்து புரொஃபைல் பிக்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். (மண்டியிட்டுக் கெஞ்சும் அந்த உருவம், போராடிய அடிமைகளை மறைத்துவிட்டது என்ற விமர்சனமும் இதன்மீது உண்டு.)

போஸ்டர்: 'புரூக்ஸ்' என்ற லிவர்பூல் கப்பலின் வரைபடம். படுக்க வைத்த மனித உருவங்கள் வரிசை வரிசையாக, தீப்பெட்டியில் குச்சி அடுக்கியதுபோல. சட்டப்படி அந்தக் கப்பல் ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்டது 454 பேர். சட்டம் வருவதற்கு முன்பு 600 பேருக்கும் மேல் ஏற்றியிருக்கிறது. போஸ்டரில் பெரிய வசனம் தேவைப்படவே இல்லை.

பெட்டிஷன்: 1792-ல் மட்டும் நாடாளுமன்றத்துக்குப் போனவை 519 மனுக்கள், ஏறத்தாழ 3.9 லட்சம் கையெழுத்துகள். கையெழுத்துப் போட்ட பெரும்பாலானவர்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது.

பாய்காட்: 1791-ல் நாடாளுமன்றம் கைவிரித்ததும், 'அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாம்' என்ற பிரசாரம் பரவியது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக கிளார்க்சன் கணக்கிட்டார். வீட்டுக்கு என்ன வாங்குவது என்பதைப் பெண்கள் முடிவு செய்ததால், ஓட்டில்லாத அவர்கள் அரசியல் செய்த இடம் சமையலறைதான்.

'இந்தியச் சர்க்கரை': இங்கேதான் ட்விஸ்ட்

கரீபியன் சர்க்கரை வேண்டாம் என்றால் டீக்கு என்ன போடுவது? பதில், 'கிழக்கிந்தியச் சர்க்கரை'. அதாவது இந்தியாவில் இருந்து வந்தது. 'இது அடிமைகள் தயாரிக்காத சர்க்கரை' என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள் பிரிட்டன் வீடுகளின் மேசைகளில் அலங்காரமாக இருந்தன. 1820-களில் இந்த டிரெண்ட் மறுபடி சூடுபிடித்தது.

அதே காலத்தில், கிழக்கிந்திய கம்பெனி ஆட்சியில் இருந்த தஞ்சாவூர், மலபார் போன்ற பகுதிகளில் என்ன நிலைமை? ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களுக்கு அடிமைகளாக இருந்தன. நிலத்தோடு சேர்த்தும், சில இடங்களில் தனியாகவும் மனிதர்கள் விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். ஓலையில் எழுதிய அடிமை விற்பனைப் பத்திரங்கள் இதற்குச் சாட்சி. அதற்கும் முந்தைய 17-ம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் டச்சு கம்பெனி இங்கிருந்து ஆட்களை வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் கப்பலேற்றியது.

ஆக, ஒரு நாட்டு அடிமையின் கண்ணீரைப் பார்த்த அந்தக் கிண்ணம், இன்னொரு நாட்டு அடிமையைப் பார்க்கவே இல்லை.

16 வருஷம் தோற்ற மசோதா

நாடாளுமன்றத்தில் இயக்கத்தின் குரலாக இருந்தவர் எம்.பி. வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். 1791-ல் அவர் கொண்டுவந்த மசோதா 88-க்கு 163 என்று தோற்றது. அதன்பின் மறுபடி மறுபடி கொண்டுவந்தார். மறுபடி மறுபடி தோல்வி.

இடையில் உலகமே மாறிப்போனது. 1791 ஆகஸ்ட்டில் பிரெஞ்சு காலனியான சான் டொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அன்றைய உலகின் மிகப்பெரிய சர்க்கரைக் காலனி அது. பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய மூன்று சாம்ராஜ்ஜியங்களின் படைகளையும் அவர்கள் எதிர்கொண்டார்கள். 1794-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால், விடுதலை பெற்ற மக்கள் மீண்டும் அடிமையாகத் தயாராக இல்லை. 1804 ஜனவரி 1-ல் ஹைட்டி சுதந்திர நாடானது. அடிமைகளே போரிட்டு ஜெயித்து உருவாக்கிய நாடு.

அதற்கும் 'பில்' வந்தது. 1825-ல் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் முன்னாள் காலனி முதலாளிகளுக்கு 15 கோடி ஃபிராங்க் இழப்பீடு கேட்டது பிரான்ஸ். பிறகு தொகை குறைக்கப்பட்டாலும், அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை ஹைட்டியைத் துரத்தியது. முதலாளிக்குத்தான் இழப்பீடு என்ற கணக்கு பிரிட்டனோடு நிற்கவில்லை, பாருங்க.

பிரிட்டனில் 1807-ல் காற்று திசை மாறியது. மக்களவையில் 283-க்கு 16 என்ற கணக்கில் மசோதா ஜெயித்தது. மார்ச் 25-ல் சட்டமானது. பிரிட்டிஷ் கப்பல்கள் அடிமை வணிகம் செய்வது குற்றம்.

அப்போ 1807-லயே முடிஞ்சுதா?

இல்லை. ஆட்களைக் கொண்டுவருவதுதான் நின்றது. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களும், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் அடிமைகளாகவே தொடர்ந்தார்கள். 1823-ல் தொடங்கிய புதிய சங்கம்கூட 'படிப்படியாக ஒழிப்போம்' என்றுதான் பேசியது.

1824-ல் எலிசபெத் ஹேரிக் என்ற பெண் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். 'படிப்படியாக வேண்டாம், உடனே ஒழி' என்பது அதன் வாதம். ஒருவரை அடிமையாக வைத்திருப்பது குற்றம் என்றால், அந்தக் குற்றத்தை இன்னும் சில வருஷம் செய்துகொள்ளலாம் என்று எப்படி அனுமதி கொடுப்பீர்கள்? இயக்கத்தின் ஆண் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்வதே வில்பர்ஃபோர்ஸுக்கு உடன்பாடில்லை. ஆனால், நாடு முழுக்க உருவான பெண்கள் சங்கங்கள் ஹேரிக் பக்கம் சாய்ந்தன. அவர்கள் திரட்டும் நிதி இல்லாமல் தலைமைச் சங்கத்தால் ஓட முடியாது. 1830-ல் 'படிப்படியாக' என்ற வார்த்தையைத் தலைமை கைவிட்டது.

1831-ல் மேரி பிரின்ஸ் என்ற பெண்ணின் வாழ்க்கைக் கதை லண்டனில் வெளியானது. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினப் பெண் ஒருவரின் வாழ்க்கை வரலாறு பிரிட்டனில் அச்சானது அதுவே முதல்முறை.

கடைசித் தள்ளு லண்டனில் இருந்து வரவில்லை, ஜமைக்காவில் இருந்து வந்தது. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில், பாப்டிஸ்ட் போதகராக இருந்த சாம் ஷார்ப் என்ற அடிமையின் தலைமையில் ஒரு வேலைநிறுத்தம் திட்டமிடப்பட்டது. கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம் என்பது கோரிக்கை. அது பெரும் கிளர்ச்சியாக வெடித்தது. 60,000 பேர் வரை பங்கேற்றதாக மதிப்பிடுகிறார்கள். அரசு அடக்கியது. 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1832 மே மாதம் சாம் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார்.

இந்த முறையை இனி ராணுவம் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்பது லண்டனுக்குப் புரிந்தது. அதே 1832-ல் வாக்குரிமைச் சீர்திருத்தமும் வந்து, நாடாளுமன்றத்தில் தோட்ட முதலாளிகளின் பிடி தளர்ந்தது. 1833-ல் சுமார் 1,87,000 பெண்கள் கையெழுத்திட்ட ஒரே மனு நாடாளுமன்றத்துக்குள் போனது. அந்த ஆகஸ்ட் 28-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் சின்ன எழுத்துகள்

1834 ஆகஸ்ட் 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுமார் 8 லட்சம் பேருக்கு விடுதலை. ஆனால், சின்ன எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்தால்தான் முழுக் கதை புரியும்.

ஒன்று, விடுதலை உடனடியாக இல்லை. 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மட்டும் உடனே விடுவிக்கப்பட்டார்கள். மற்றவர்கள் 'பயிற்சியாளர்கள்' என்ற புதுப் பெயரில், அதே முதலாளியிடம், வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். வயல் வேலை என்றால் 6 வருஷம், மற்ற வேலை என்றால் 4 வருஷம். பிறந்ததில் இருந்து செய்த வேலைக்கு என்ன பயிற்சி? எதிர்ப்பு வலுத்ததால், 1838 ஆகஸ்ட் 1-ல் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இரண்டு, இழப்பீடு. 2 கோடி பவுண்டு, முதலாளிகளுக்கு. சுமார் 46,000 கிளெய்ம்கள் வந்தன. பெரிய தோட்ட முதலாளிகளோடு, ஒன்றிரண்டு அடிமைகளை 'முதலீடாக' வைத்திருந்த பாதிரியார்களும் விதவைகளும் வரிசையில் நின்றார்கள். 1835-ல் ராத்ஸ்சைல்ட் வங்கிக் குழுவிடம் அரசு ஒன்றரைக் கோடி பவுண்டு கடன் வாங்கியது. பிறகு வேறு அரசுப் பத்திரங்களோடு சேர்க்கப்பட்டு 2015-ல் அடைந்தது இந்தக் கடன்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இந்த கிளெய்ம் பதிவுகளை டேட்டாபேஸாக்கி, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூன்று, கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவு சொன்னது. அதாவது, நாம் கணக்கிலேயே இல்லை.

கிளாட்ஸ்டன் எழுதிய கடிதம்

இழப்பீடு வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக அவருக்குக் கிடைத்தது 1 லட்சம் பவுண்டுக்கும் மேல்.

பணம் வந்துவிட்டது. கரும்பு வெட்ட ஆள்? 1836 ஜனவரியில் அவர் கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கயானாவில் இருக்கும் தன் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்களை அனுப்ப முடியுமா என்று கேட்டார். 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரு கப்பல்களில் சுமார் 400 இந்தியர்கள் கயானாவில் இறங்கினார்கள். மொரீஷியஸுக்கு 1834-லேயே ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள்.

இதுதான் ஒப்பந்தக் கூலி முறை. கைநாட்டு வைத்த ஒரு காகிதம், 5 வருஷக் கெடு, வேலைக்கு வராவிட்டால் சிறை. அடிமை முறை இல்லைதான், கூலி உண்டு, கெடு உண்டு. ஆனால் தோட்டமும் குடியிருப்பும் மேஸ்திரியின் பிரம்பும் பழையவை. இதற்கும் எதிர்ப்புக் கிளம்பி, சில வருஷம் தடையும் வந்தது. பிறகு 'ஒழுங்குமுறைகளோடு' மீண்டும் தொடங்கியது.

சென்னைத் துறைமுகத்தில் இருந்து மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், ஃபிஜி என்று தமிழர்கள் போனார்கள். 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும், புதுச்சேரி, காரைக்காலில் இருந்து ரீயூனியன், மார்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஆட்கள் கப்பலேறினார்கள். ஃபிஜி கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களுக்காக பாரதியார் பாடினாரே, அந்தத் துயரத்தின் வேர் 1830-களின் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1917-ல்தான் ஒப்பந்தக் கூலியாக ஆட்களை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

நம்ம ஊரில் எப்போது ஒழிந்தது?

1843-ல் ஐந்தாவது சட்டம் என்ற பெயரில் கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டது. 'ஒருவர் என் அடிமை' என்று யாராவது உரிமை கோரினால் கோர்ட் ஏற்காது என்பது அதன் மையம். வரி பாக்கிக்காக அரசு அதிகாரி ஆட்களை விற்கக் கூடாது, அடிமை என்பதற்காக ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது என்றும் சொன்னது. இலங்கையில் 1844-ல் தனிச் சட்டம் வந்தது. கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் 1850-களில் ஒழித்தன. ஆட்களை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில்தான்.

1843 சட்டம் முதலாளிகளுக்கு இழப்பீடு கொடுக்கவில்லை. விடுதலையானவர்களுக்கும் நிலமோ பணமோ எதுவும் கொடுக்கவில்லை. 'நீ அடிமை இல்லை' என்று யாரும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லவும் இல்லை. குடியிருக்கும் மனை பண்ணையாருடையது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடன் கொடுப்பவர் அதே பண்ணையார். சங்கிலி போய், கடன் வந்தது. அடிமை என்ற சொல் போய், பண்ணையாள் என்ற சொல் வந்தது.

தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தது 20-ம் நூற்றாண்டில். அதை எதிர்த்து பி. சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் போராடிய பிறகுதான், 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஒரு பார்வையில்: யார், எப்போது?

1804: ஹைட்டி, புரட்சியின் மூலம்
1834: பிரிட்டனின் கரீபியன் காலனிகள், தென்னாப்பிரிக்கா (மொரீஷியஸில் 1835)
1843: கம்பெனி ஆட்சியில் இருந்த இந்தியா
1848: பிரெஞ்சு காலனிகள்
1865: அமெரிக்கா, உள்நாட்டுப் போருக்குப் பின்
1886: கியூபா
1888: பிரேசில்
1981: மொரிடானியா (குற்றமாக அறிவித்தது 2007-ல்)

இது பழைய கதையா?

2021-ம் ஆண்டு நிலவரப்படி உலகில் 4.96 கோடி பேர் நவீன அடிமை நிலையில் இருந்ததாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் மதிப்பிட்டார்கள். இதில் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2.76 கோடி. மீதிப் பேர் கட்டாயத் திருமணத்தில்.

இந்திய அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அந்தச் சட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமை: அட்வான்ஸ் வாங்கியதைக் காரணம் காட்டி, ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமலோ, வெளியே நடமாட விடாமலோ, உரிய கூலி கொடுக்காமலோ வைத்திருந்தால் அது கொத்தடிமை. அந்தக் கடனும் சட்டப்படி ரத்து. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

செங்கல் சூளை, அரிசி ஆலை, கல் குவாரி, மரம் வெட்டும் வேலை என்று மீட்புச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'அட்வான்ஸ்'. சில ஆயிரம் ரூபாய் வாங்கிய ஒரு குடும்பம், குழந்தைகளோடு வருஷக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடக்கிறது.

1833-ல் கேட்காமல் விட்ட கேள்விக்கு, அதாவது விடுதலையானவருக்கு என்ன கொடுப்பது என்பதற்கு, இங்கே ஓரளவு பதில் இருக்கிறது. 2016-ல் மாற்றியமைத்த மத்திய அரசுத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிக மோசமான சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மறுவாழ்வு உதவி உண்டு. ஆனால், முழுத் தொகை கிடைப்பது வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பும் குடும்பம் மறுபடி யாரிடம் அட்வான்ஸ் வாங்கும் என்பது ஊகிக்கக் கஷ்டமான விஷயம் இல்லை.

கரீபியன் நாடுகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. 2013-ல் அவை ஒன்றுசேர்ந்து இழப்பீட்டு ஆணையம் அமைத்தன. முறையான மன்னிப்பு, கல்வி, பொதுச் சுகாதாரம், கடன் ரத்து எனப் பத்து அம்சக் கோரிக்கை அடுத்த ஆண்டு வெளியானது. 'பழைய கதை, இப்போ எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு அவர்கள் காட்டுவது அந்த 2015-ம் ஆண்டைத்தான். முதலாளிக்குக் கொடுத்த பணத்தின் கடன் 2015 வரை உயிரோடு இருந்திருக்கிறது என்றால், அடிமைக்குக் கொடுக்காத பணத்தின் கடன் மட்டும் எப்படிக் காலாவதி ஆகும்?

உங்கள் பகுதியில் கொத்தடிமையாக யாராவது வைக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் கொடுக்கலாம். விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. குழந்தைகள் என்றால் 1098-க்கு அழைக்கலாம். சான்றிதழ் கையில் வந்ததா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கடன் ரத்தானதற்கும் மறுவாழ்வு உதவி கேட்பதற்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம்.